பெர்மிட் முடியும் நாளை பாஸ்போர்ட் தீர்மானித்தபோது: கடலூர்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் கடலூர் முதுநகரில் வளர்ந்த இளைஞர். பொறியியல் முடித்து, சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். 2021 செப்டம்பரில் கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் இரண்டு ஆண்டு டிப்ளமோ படிக்கப் போனார். 2023 ஏப்ரலில் படிப்பு முடிந்தது. மே மாதமே படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதிக்கு விண்ணப்பித்தார். ஆகஸ்டில் பெர்மிட் வந்தது. ஓர் உணவுத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலையும் கிடைத்தது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்த வகை பெர்மிட் குறைந்தது எட்டு மாதத்துக்கும் அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கும் தரப்படும். இரண்டு ஆண்டு படிப்பென்றால் மூன்று ஆண்டு கிடைக்கும் என்பது மாணவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். வீட்டிலும் அப்படியே சொல்லியிருந்தார்: "2026 வரைக்கும் கவலை இல்லப்பா."

அவருடைய தங்கைக்கு வில்லியனூரில் மாப்பிள்ளை அமைந்தது. 2024 ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். மாசி மாதம் அப்பா என்னிடம் வந்தார். மஞ்சக்குப்பத்தில் ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். தங்கையின் சான்றிதழ்களுக்காக வந்தவர், கூடவே மகனின் பாஸ்போர்ட், பெர்மிட் நகல்களையும் எடுத்து வந்திருந்தார். "விசா முடிஞ்சிருக்கு சார். தம்பி அங்க கள்ளத்தனமா இருக்கானா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

கனடா குடிவரவு பற்றிக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 91ஆம் பிரிவு அதை வழக்கறிஞர்கள், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்றவர்களுக்கு மட்டும்தான் விட்டிருக்கிறது. ஆகவே என் பங்கு, தாள்களில் இருப்பதைப் படித்துச் சொல்வதும் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும்தான். மகன் ஆன்டாரியோவில் உரிமம் பெற்ற ஓர் ஆலோசகரைக் கட்டணம் கட்டிச் சந்தித்தார். அங்கே கேட்டதை ஒவ்வொரு முறையும் எனக்கும் சொன்னார்.

தாள்களில் கண்டவை

அப்பா பயந்த தேதி பயப்பட வேண்டியதே அல்ல. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா 2023 இறுதியில் முடிந்திருந்தது. அது கனடாவுக்குள் நுழைவதற்கான சீட்டு. உள்ளே போய்விட்ட பிறகு, தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் ஆதாரம் பெர்மிட். விசா காலாவதியாகி, பெர்மிட் உயிரோடு இருந்தால் அவர் அங்கே இருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. வெளியே வந்தால் திரும்பிப் போகத்தான் புது விசா வேண்டும்.

பயப்பட வேண்டிய தேதி வேறொரு தாளில் இருந்தது. பெர்மிட் 2026 ஆகஸ்ட் வரை இல்லை. 2024 ஜூலை 14 என்று அச்சாகியிருந்தது. பாஸ்போர்ட்டைப் புரட்டினால் அதே தேதி. பிளஸ் டூ படிக்கும்போது, 2014 ஜூலையில், பத்து ஆண்டுக்கு எடுத்த பாஸ்போர்ட் அது. பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி கனடா பெர்மிட் தருவதில்லை. மூன்று ஆண்டு தகுதி இருந்தும் பதினோரு மாதத்தில் வெட்டிவிட்டார்கள்.

இதில் அதிகாரிகள் தவறு எதுவும் செய்யவில்லை. தகுதியைக் குறைக்கவும் இல்லை. பாஸ்போர்ட்டால் வெட்டுப்பட்ட மீதிக் காலத்தை, புதுப் பாஸ்போர்ட் எடுத்த பிறகு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது தானாக நடக்காது, யாரும் நினைவூட்டிக் கடிதம் போடவும் மாட்டார்கள். மகனிடம் போனில் கேட்டபோது, பெர்மிட் வந்த அன்று தேதியைப் பார்த்ததாகவும், "பாஸ்போர்ட் மாத்தும்போது சேத்து மாத்திக்கலாம்னு விட்டுட்டேன் சார்" என்றும் சொன்னார். அப்புறம் ஷிப்ட், வாடகை, பனி. ஆறு மாதம் ஓடிவிட்டது.

இன்னொரு தேதியும் இதோடு கட்டப்பட்டிருந்தது. வேலை செய்து சம்பளம் வாங்கக் கனடாவில் சமூகக் காப்பீட்டு எண் வேண்டும். தற்காலிகமாக இருப்பவர்களுக்குத் தரும் எண் 9இல் தொடங்கும், அதற்கும் காலாவதி உண்டு. அவருடையது பெர்மிட்டோடு ஜூலை 14இல் முடிவதாகப் பதிவாகியிருந்தது. இது பின்னால் தலைவலியாக வந்தது.

எந்த வழி, ஏன்

ஜூலை 14க்கு நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கல்யாணம் அதற்கு ஆறேழு வாரம் கழித்து. குடும்பத்துக்கு இரண்டு வேண்டும்: வேலை போகக்கூடாது, கல்யாணத்தில் அண்ணன் இருக்க வேண்டும்.

அம்மா சொன்ன யோசனை கேட்கச் சுலபமாக இருந்தது. சித்திரையில் பையன் ஊருக்கு வரட்டும். தட்கலில் பாஸ்போர்ட் எடுத்தால் 36 பக்கத்துக்கு 3,500 ரூபாய்தான், புதுச்சேரி சேவா கேந்திரா பக்கத்திலேயே இருக்கிறது. கையோடு நிச்சயதார்த்தத்தையும் பார்த்துவிட்டுப் போகட்டும். பாஸ்போர்ட் வரைக்கும் இதில் குறை இல்லை. திரும்பிப் போவதில்தான் சிக்கல். விசா இல்லை, இங்கிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அது எத்தனை நாளில் வரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். அது தாமதமாகி ஜூலை 14 அன்று அவர் கடலூரில் உட்கார்ந்திருந்தால், கையில் செல்லும் பெர்மிட் இருக்காது. கனடாவுக்குள் இருந்துகொண்டு நீட்டிப்புக் கேட்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் இருக்காது. வேலை அவருக்காகக் காத்திருக்குமா என்பது வேறு.

அந்தப் பாதுகாப்பு என்னவென்றால்: பெர்மிட் முடிவதற்குள் நீட்டிப்பு விண்ணப்பம் உள்ளே போய்விட்டால், முடிவு வரும்வரை பழைய பெர்மிட்டின் நிபந்தனைகளிலேயே தொடர்ந்து தங்கலாம், வேலையும் செய்யலாம். முன்பு இதை உட்கிடையான நிலை என்ற பொருளில் ஒரு பெயரிட்டு அழைத்தார்கள், இப்போது தொடரும் நிலை என்கிறார்கள். வேலை தொடர்வதற்கான விதி குடிவரவு ஒழுங்குமுறையில் 186(யு). கட்டாயம் ஒன்றே ஒன்று: நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது.

ஒரு நாள் தவறவிட்டாலும் கதை மாறிவிடும். காலாவதியான பிறகு 90 நாளுக்குள் நிலையை மீட்டுத் தரும்படி கேட்கலாம்தான். அதற்குத் தனிக் கட்டணம், தருவதும் தராததும் அதிகாரி கையில், முக்கியமாக முடிவு வரும்வரை வேலை செய்யவே கூடாது. மீறி வேலை செய்தால் அடுத்த பெர்மிட்டுக்கே ஆபத்து. ஊரில் பலர் இந்த 90 நாளை வங்கிக் கடனுக்குத் தரும் சலுகை நாள் மாதிரி பேசுகிறார்கள். அது சலுகை நாள் அல்ல, சம்பளம் இல்லாமல் காத்திருக்கும் நாள்.

ஆகவே ஆலோசகர் சொன்ன வரிசை இது: அங்கேயே இந்தியத் தூதரக சேவை மையம் வழியாகப் பாஸ்போர்ட், அது வந்த கையோடு நீட்டிப்பு விண்ணப்பம், பெர்மிட் வந்ததும் கனடாவுக்குள் இருந்தபடியே நுழைவு விசா, பிறகு பயணம். பெர்மிட் வைத்திருப்பவர்கள் உள்ளே இருந்தே விசா கேட்க முடியும், கட்டணம் 100 டாலர். எல்லாம் ஓடிவந்தால் ஆவணிக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, அப்பாவிடம் சொன்னேன். கல்யாணத் தேதியைத் தைக்குத் தள்ள முடியுமா என்று அவர் மாப்பிள்ளை வீட்டில் கேட்டுப் பார்த்தார். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, மாப்பிள்ளையின் பாட்டிக்கு உடம்பு சரியில்லை. தேதி அப்படியே நின்றது.

பாஸ்போர்ட் எடுத்துக்கொண்ட காலம்

மார்ச்சில் விண்ணப்பம் கொடுத்தார். பழைய பாஸ்போர்ட்டில் இருந்த இந்திய முகவரியை அப்படியே நிரப்பினார். அதுதான் ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டது. அந்த முதுநகர் வாடகை வீட்டைக் குடும்பம் காலிசெய்து செம்மண்டலம் போய் ஐந்து ஆண்டாகிறது. சரிபார்க்க வந்த காவலர் பழைய வீட்டுக்குப் போனார், புதிதாகக் குடியிருப்பவர்கள் தெரியாது என்றார்கள். கோப்பு நின்றது.

தூதரகத்தில் கேட்டால் இந்தியாவிலிருந்து அறிக்கை வரவில்லை என்பார்கள், இங்கே கேட்டால் ஆள் முகவரியில் இல்லை என்று எழுதியாயிற்று என்பார்கள். நடுவில் இருப்பவருக்கு யாரிடம் பேசுவது என்றே தெரியாது. அப்பா ஆதார், மின்கட்டண ரசீது, பழைய வீட்டு உரிமையாளரின் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நேரில் போனார். மகன் அங்கே முகவரியைத் திருத்திக் கடிதம் கொடுத்தார். மே கடைசி வாரம் புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

ஜூன் முதல் வாரம் நீட்டிப்பு விண்ணப்பம் போனது. முடிவதற்கு 30 நாள் முன்பாவது விண்ணப்பியுங்கள் என்பது கனடா குடிவரவுத் துறையின் அறிவுரை. இவர் அதற்குச் சற்று முன்னால் போய்விட்டார். பெர்மிட் கட்டணம் 155 டாலர், எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் திறந்த பெர்மிட் என்பதால் இன்னும் 100. கைரேகை 2021இல் கொடுத்தது பத்து ஆண்டு செல்லும், மறுபடி வேண்டியதில்லை. பெர்மிட் வெட்டுப்பட்டது பாஸ்போர்ட்டால்தான், மீதிக் காலத்தைக் கேட்கிறேன் என்று தெளிவாக எழுதிய ஒரு பக்கக் கடிதத்தை ஆலோசகர் முதல் தாளாக வைக்கச் சொன்னார். இது இல்லாவிட்டால், ஒரு முறைதான் தரப்படும் பெர்மிட்டை இரண்டாம் முறை கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

ஜூலை 14க்குப் பிறகு

முடிவு வரவில்லை, தேதி வந்துவிட்டது. சட்டப்படி ஒன்றும் மாறவில்லை. ஆனால் தொழிற்சாலையின் சம்பளக் கணினியில் அவருடைய காப்பீட்டு எண் காலாவதி என்று சிவப்பு விழுந்தது. எச்.ஆர். பெண்மணி புது பெர்மிட் காட்டாமல் ஷிப்ட் போட முடியாது என்றார். இரண்டு வாரம் வேலையில்லை, சம்பளமில்லை.

மகனிடம் இருந்தவை கட்டணம் கட்டிய ரசீதும், விண்ணப்பம் ஜூலை 14க்கு முன்பே போய்ச் சேர்ந்ததற்கான சான்றும். இவற்றோடு 186(யு) விதியின் அச்சுப் பிரதி, பழைய பெர்மிட், ஆலோசகர் எழுதிய ஒரு பக்க விளக்கம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். அந்த அம்மையார் தங்கள் வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். எச்.ஆர். மேல் கோபப்படுவதில் பொருளில்லை. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் தண்டனை முதலாளிக்கும்தான். இதே உறையை ஜூலை முதல் தேதியே கொடுத்திருந்தால் அந்த இரண்டு வாரச் சம்பளம் போயிருக்காது என்பது என் கருத்து.

இதற்கிடையே அறைத் தோழர் ஒருவர், காரில் அமெரிக்க எல்லைக்குப் போய்த் திரும்பி வந்தால் அங்கேயே அதிகாரி பெர்மிட் போட்டுக் கொடுத்துவிடுவார் என்றார். ஒரு காலத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் படிப்புக்குப் பிந்தைய பெர்மிட்டை எல்லையில் கேட்கும் வழியை 2024 ஜூன் 21 முதல் மூடிவிட்டார்கள். தோழர் வாங்கியது அதற்கு முந்தைய ஆண்டு. நல்லெண்ணத்தில் சொன்ன பழைய தகவல். கேட்டுப் போயிருந்தால், அவர் வெளியேறியதாகக் கணக்காகி வேலை உரிமையே கேள்விக்குறியாகியிருக்கும்.

கல்யாணத்துக்கு வருவதா?

ஆடி பிறந்ததும் வீட்டில் பேச்சு சூடாகிவிட்டது. பொரியிடும் சடங்கில் தங்கை கையில் பொரி அள்ளிப் போட வேண்டியவன் அண்ணன். ஒரே அண்ணன். அம்மா சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார் என்று அப்பா சொன்னார்.

அந்த நேரத்தில் புதுச்சேரியில் ஒரு ஏஜென்ட், "அப்ளிகேஷன் நம்பர் இருந்தா போதும், திரும்பி உள்ள விட்டுடுவாங்க. விசாவ நான் இங்கேருந்து எடுத்துத் தர்றேன்" என்று சொல்லி முன்பணமும் கேட்டிருந்தார். அவர் பெயர் கனடா ஆலோசகர்களின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இல்லை.

அவர் சொன்னது அடியோடு பொய்யும் அல்ல, அதனால்தான் ஆபத்து. நீட்டிப்பு நிலுவையில் இருக்கும்போது வெளியே போய், செல்லும் விசாவோடு வந்தால் மறுபடி உள்ளே விடுவது உண்டு. ஆனால் வந்த பிறகு, பெர்மிட் கைக்கு வரும்வரை வேலை செய்ய முடியாது. இவருக்கோ விசாவே இல்லை. விசா இல்லாதவரைச் சென்னையில் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

முடிவை மகனே எடுத்தார். வரவில்லை. நான்கு பேரும் ஒரு வீடியோ அழைப்பில் இருந்தபோது சொன்னார்: "இப்ப வந்தா ஒரு நாள் சந்தோஷம். திரும்பிப் போக முடியலன்னா தங்கச்சி கல்யாணக் கடனை யாரு கட்டறது?" அப்பா ஒன்றும் பேசவில்லை. பெரியப்பா மகன் பொரி போடுவதென்று முடிவானது.

இந்த முடிவு சரியா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. தாள்களை வைத்துப் பார்த்தால் சரி. அம்மாவின் இடத்திலிருந்து பார்த்தால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நடந்தது

கல்யாணம் நடந்தது. பெர்மிட் அக்டோபர் பின்பாதியில் வந்தது, 2026 ஆகஸ்ட் வரை. கேட்ட மீதிக் காலம் முழுவதும் கிடைத்தது. அதைக் காட்டிக் காப்பீட்டு எண்ணையும் மாகாண மருத்துவ அட்டையையும் புதுப்பித்தார். நவம்பரில் விசா ஒட்டிய பாஸ்போர்ட் திரும்பியது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. இவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் பீரோவின் அடித்தட்டு நனைந்து, மகனின் பழைய நகல்கள் எல்லாம் கூழாகின. ஸ்கேன் பிரதிகள் போனிலும் மின்னஞ்சலிலும் இருந்ததால் இழப்பு ஒன்றும் இல்லை.

2025 தை மாதம் மூன்று வாரம் வந்து போனார். தங்கையையும் மாப்பிள்ளையையும் தலைப்பொங்கலுக்கு அழைத்து, ஆற்றுத் திருவிழாவும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பும்போது விமான நிலையத்தில் கேள்வி ஏதும் வரவில்லை.

எங்கே மாற்றியிருக்கலாம்

2023 மே மாதம் பழைய பாஸ்போர்ட்டோடு உடனே விண்ணப்பித்தது தவறு என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மதிப்பெண் வந்து 180 நாள் வரை நேரம் இருந்தது உண்மைதான். ஆனால் மாணவர் அனுமதி செல்லும்போதே விண்ணப்பித்ததால்தான், பெர்மிட் வரும் முன்பே முழுநேர வேலை செய்ய முடிந்தது. காத்திருந்தால் சில மாதச் சம்பளம் போயிருக்கும்.

நழுவிய இடம் 2023 ஆகஸ்ட். இந்தியப் பாஸ்போர்ட்டை முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். அவருக்கு அந்தக் கதவு ஜூலை 2023இல் திறந்துவிட்டது. வெட்டுப்பட்ட பெர்மிட் கைக்கு வந்த வாரமே பாஸ்போர்ட்டுக்குப் போயிருந்தால், முகவரிக் குழப்பத்தோடும்கூட அந்த ஆண்டு முடிவதற்குள் புதுசு வந்திருக்கும். நீட்டிப்பு 2024 தொடக்கத்திலேயே உள்ளே போயிருக்கும். 30 நாள் என்ற அறிவுரை கடைசி எல்லைக்கான கணக்கு. பயணமோ கல்யாணமோ இருப்பவர்கள் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்: விசாவுக்கு, பெர்மிட்டுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, அதற்கும் முன்னால் ஊரில் காவல் சரிபார்ப்புக்கு.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் குடும்பம் வீடு மாறினால், பாஸ்போர்ட் முகவரியைப் பற்றி அப்போதே பேசிவிடுவது நல்லது. இதை இப்போது என்னிடம் வருபவர்களிடம் நானே கேட்டுவிடுகிறேன்.

இவருக்கு அடுத்த தேதி 2026 ஆகஸ்ட். இந்த வகை பெர்மிட் வாழ்நாளில் ஒரு முறைதான், இனி மீதிக் காலம் என்று கேட்க ஒன்றும் இல்லை. நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் முதலாளி வழியாக வேறு பெர்மிட் தேட வேண்டும். வசிப்புரிமைக்கு வேண்டிய ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால், எப்போது எழுதுவது என்று அவரும் ஆலோசகரும் 2025 தொடக்கத்திலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள்.